கிரயம் நின்றுபோனால் செலவழித்த பணம் என்ன ஆகும்? வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

கேள்வி: தாம்பரம் அருகே ஒரு தனி வீட்டை 62 லட்சம் ரூபாய்க்குப் பேசி முடித்து, டோக்கனாக 50,000 ரூபாயும், ஒப்பந்தம் எழுதிய அன்று 4,50,000 ரூபாயும் வங்கி வழியாகக் கொடுத்தேன். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம்; பதிவு செய்யவில்லை. கெடு மூன்று மாதம். விற்பவரின் தந்தை சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு அது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் உள்ள மகள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதால் கடன் தர இயலாது என்று வங்கியின் வழக்கறிஞர் எழுதிவிட்டார். விற்பவரோ, "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செய்தாயிற்று, லோன் கிடைக்காதது உங்கள் பிரச்சினை, கெடு முடிந்தால் அட்வான்ஸ் கிடையாது" என்கிறார். கெடு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முன்பணம் போக, லீகல் ஒப்பீனியனுக்கு 7,500, வங்கிக் கட்டணம் 14,160, புரோக்கருக்கு 31,000, நகல்களுக்கும் அலைச்சலுக்கும் 2,340 என்று மொத்தம் 55,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. இவை திரும்பக் கிடைக்குமா? வேறொரு வீடு பார்த்து வைத்திருக்கிறோம். அங்கும் இப்படி ஆகாமலிருக்க என்ன செய்ய வேண்டும்? லண்டனில் இருக்கும் என் மைத்துனர், அங்கே இதற்கு இன்சூரன்ஸ் உண்டு என்கிறார். இங்கே உண்டா?

பதில்: உங்கள் கடிதத்துடன் அனுப்பியிருந்த ஒப்பந்த நகலைப் படித்தேன். "வாங்குபவர் மேற்படி கெடுவுக்குள் பாக்கித் தொகையைச் செலுத்திக் கிரயம் பெறத் தவறினால் முன்பணத்தை இழக்க வேண்டியது" என்று ஒரு வரி இருக்கிறது. விற்பவர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. ஒப்பந்தத்தை எழுதியவர் விற்பவர் பக்கத்து ஆள் என்பது இதிலிருந்தே தெரிகிறது. ஆனால் அந்த வரியைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் தவறியவர் நீங்கள் அல்ல.

விற்பவரின் குடும்பம் இந்துக் குடும்பம் என்று கொண்டு இதைச் சொல்கிறேன். தந்தை தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து, அவர் உயில் எழுதாமல் இறக்கும்போது, மனைவிக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும், அவருடைய தாய் உயிரோடிருந்தால் அவருக்கும், சம பங்காகப் போய்ச் சேரும். இது 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. பெண்ணுக்குச் சொத்துரிமை 1989இல் தமிழ்நாட்டுத் திருத்தத்தால்தான் வந்தது என்றோ 2005இல் மத்தியத் திருத்தத்தால்தான் வந்தது என்றோ சொல்லித் தேதிக் கணக்குப் போடுபவர்கள், பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துக்கான விதியை இதில் கொண்டுவந்து கலக்கிறார்கள். கல்யாணத்துக்கு எவ்வளவு நகை போட்டிருந்தாலும், சீர் செய்திருந்தாலும், அந்தப் பெண் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்காத வரையில் அவருடைய பங்கு அவருடையதுதான். ஆகவே முழு வீட்டையும் விற்பதாக ஒப்புக்கொண்டு, முழு வீட்டுக்கும் உரிமை காட்ட முடியாமல் நிற்பவர் விற்பவரே. கடன் மறுக்கப்பட்டது உங்கள் சம்பளம் போதாததாலோ பழைய கடன் பாக்கியாலோ என்றிருந்தால் கதை வேறு. இங்கே மறுப்புக்குக் காரணம் அவருடைய பத்திரம். வங்கி வழக்கறிஞரின் கருத்துரையின் நகலையும், கடன் மறுப்புக் கடிதத்தையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். உங்கள் வழக்கின் முதுகெலும்பு அந்த இரண்டு தாள்கள்தாம்.

சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆவது பிரிவு, தனக்குத் தெரிந்த உரிமைக் குறைபாட்டை வாங்குபவரிடம் சொல்ல வேண்டிய கடமையை விற்பவர் மீது வைக்கிறது. அதே பிரிவு, தகுந்த காரணத்தோடு சொத்தை ஏற்க மறுக்கும் வாங்குபவருக்கு, கொடுத்த பணத்துக்காகவும் அச்சாரத்துக்காகவும் விற்பவரின் பாத்தியதை அளவில் அந்தச் சொத்தின் மீதே ஒரு பொறுப்புரிமையை, அதாவது அந்தச் சொத்திலிருந்தே பணத்தை வசூலிக்கும் உரிமையைத் தருகிறது. உங்கள் விற்பவருக்கு உள்ளது ஒரு பங்கு மட்டும் என்றாலும், 62 லட்சம் பெறும் வீட்டில் அந்த ஒரு பங்கே உங்கள் ஐந்து லட்சத்தைத் தாங்கும். ஒப்பந்தம் பதிவாகவில்லையே என்ற கவலை உங்களுக்கு இருக்கக்கூடும். தமிழ்நாட்டில் 2012ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வது கட்டாயம் என்பது உண்மைதான். என்றாலும் பதிவாகாத ஒப்பந்தத்தையும், ஒப்புக்கொண்டபடி கிரயம் செய்து தரச் சொல்லும் வழக்கில் சாட்சியமாகக் காட்டப் பதிவுச் சட்டமே இடம் தருகிறது. பணம் கைமாறியதற்கு உங்கள் வங்கிக் கணக்கே சாட்சி. ரொக்கமாகக் கொடுக்காமலிருந்தது நல்லதாயிற்று. அசையாச் சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. திருப்பிக் கொடுப்பதற்கும் அதே தடை உண்டு. "பாதியை கேஷாகத் தருகிறேன், முடித்துக்கொள்வோம்" என்று நாளை அவர் சொன்னால் அதற்கு இணங்காதீர்கள்.

கெடு முடிவதற்குள் வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். இதில் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. பாக்கித் தொகையோடு நீங்கள் தயாராக இருக்கிறீர்கள், கடன் நின்றதற்குக் காரணம் உரிமைக் குறைபாடு, தங்கையும் மற்ற வாரிசுகளும் சேர்ந்து கையெழுத்திட்டால் கிரயம் பெற இன்றும் சம்மதம், முடியாதென்றால் இத்தனை நாளுக்குள் ஐந்து லட்சத்தையும் செலவுகளையும் திருப்பித் தர வேண்டும் என்று நோட்டீஸ் சொல்ல வேண்டும். நோட்டீஸ் இல்லாமல் கெடு கழிந்தால், பின்வாங்கியவர் நீங்கள்தான் என்று அவர் சொல்வதற்கு நீங்களே இடம் கொடுத்தவராவீர்கள். தயாராக இருந்ததைக் காட்ட வங்கி இருப்பு, சொந்தப் பங்குக்கு வைத்திருந்த வைப்புத்தொகை, வருமானத்தின் அடிப்படையில் வங்கி ஒப்புக்கொண்ட கடன் அளவு ஆகியவற்றின் நகல்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த 55,000. ஒப்பந்த மீறலால் இயல்பாக விளையும் நஷ்டமும், ஒப்பந்தம் செய்தபோதே இரு தரப்பும் எதிர்பார்த்திருக்கக்கூடிய நஷ்டமும்தான் கிடைக்கும் என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு. உங்கள் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில், "வாங்குபவர் வங்கிக் கடன் பெற்றுக் கிரயம் முடிப்பதால் அசல் பத்திரங்களை விற்பவர் வங்கியில் காட்ட வேண்டியது" என்று போகிற போக்கில் எழுதிய ஒரு வாக்கியம் உங்களுக்குக் கைகொடுக்கிறது. கடனுக்குப் போகிறீர்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்குச் செலவாகும் என்பதும் தெரியும். ஆகவே லீகல் ஒப்பீனியனுக்கான 7,500க்கும் வங்கிக் கட்டணமான 14,160க்கும் நியாயமான வாதம் இருக்கிறது. நகல் செலவுக்கு ரசீது இருந்தால் கேட்கலாம். புரோக்கருக்குக் கொடுத்த 31,000 ரூபாயை விற்பவரிடமிருந்து பெறுவது கடினம். அதைப் புரோக்கரிடமே கேளுங்கள். வியாபாரம் முடியாதபோது முழுக் கமிஷனுக்கு அவருக்கு என்ன உரிமை என்பது கேட்க வேண்டிய கேள்விதான். என் கணிப்பைச் சொல்வதானால், ஐந்து லட்சத்துக்காக உறுதியாக நில்லுங்கள். 55,000 ரூபாயை நோட்டீஸில் கேட்டு வைத்து, சமரசப் பேச்சில் விட்டுக்கொடுப்பதற்கான பொருளாக வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கென்று போனால், தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 15,000 ரூபாய். காலவரம்பு மூன்று ஆண்டு. கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட்டாலும், மாற்றுப் பரிகாரமாக முன்பணத்தைத் திருப்பித் தரக் கோரும் வாசகம் பிராதில், அதாவது வழக்கு மனுவில், தனியாக இருக்க வேண்டும். கேட்காததை நீதிமன்றம் தானாகத் தருவதில்லை. அதற்கு முன்பாக, செங்கல்பட்டில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுத்துப் பாருங்கள். அங்கே பேசி முடித்து லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வு எழுதினால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், கட்டணமும் கிடையாது. போலீஸில் மோசடிப் புகார் கொடுத்தால் பணம் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததற்கு ஆதாரம் இல்லாத இடத்தில் அது "சிவில் விவகாரம்" என்று திரும்பி வரும், அலைச்சல்தான் மிச்சம்.

அடுத்த வீட்டுக்கு வருவோம். இது போன்ற கடிதங்களில் பெரும்பாலும் நான் காண்பது, செலவின் வரிசை தலைகீழாக இருப்பது. முதலில் லட்சங்களில் முன்பணம், பிறகு புரோக்கர், பிறகு வங்கிக் கட்டணம், எல்லாம் கொடுத்தான பின் கடைசியாக வழக்கறிஞரின் கருத்து. உங்கள் 7,500 ரூபாய் முதலில் செலவாகியிருந்தால் மற்ற ஐந்தரை லட்சத்துக்கு இந்தக் கவலையே வந்திருக்காது. ஆகவே இரண்டாவது வீட்டில், டோக்கனைக் கையில் எடுப்பதற்கு முன்பே நகல்களைக் கேளுங்கள்: தாய்ப்பத்திரம், இடைப்பட்ட பத்திரங்கள், 30 ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது, யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். நகல் தரத் தயங்குபவரிடம் வாங்காமலிருப்பதே மேல். "இ.சி. கிளீனாக இருக்கிறது" என்று புரோக்கர் சொல்வதைக் கேட்டு நிம்மதி அடையாதீர்கள். வில்லங்கச் சான்று என்பது சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதை மட்டும் காட்டும் பட்டியல். பதிவாகாத உயிலும், வாய்மொழிப் பாகப்பிரிவினையும், கையெழுத்துப் போடாத தங்கையும் அதில் வரமாட்டார்கள். வழக்கறிஞர் தேவை என்று கருதினால் நாளிதழில் பொது அறிவிப்பும் கொடுக்கலாம்.

டோக்கன் கொடுப்பதாக இருந்தால் சிறு தொகையாக இருக்கட்டும். அதற்கு ஒரு பக்கக் கடிதம் வாங்குங்கள். "பத்திரங்கள் பரிசீலனையில் திருப்தியாக இல்லாவிட்டால் இத்தொகை கழிவின்றித் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரியும் விற்பவரின் கையெழுத்தும் போதும். வங்கியிடம் வீட்டைக் காட்டுவதற்கு முன்பே, உங்கள் வருமானத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெற்றுவிடுங்கள். பிறகு கடன் மறுக்கப்பட்டால் காரணம் நீங்களா சொத்தா என்ற சந்தேகமே எழாது. பிராசஸிங் கட்டணத்தில் எவ்வளவு விண்ணப்பத்தோடு, எவ்வளவு கடன் அனுமதியின்போது, சட்டக் கருத்து பாதகமாக வந்தால் எது திரும்பும் என்று கட்டுவதற்கு முன் கிளையில் கேளுங்கள். இதில் வங்கிக்கு வங்கி நடைமுறை மாறும். முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் பெரிய தொகை. எல்லா வாரிசுகளும் பதிவுக்கு வருவது உறுதியாகும் வரை அதைக் கட்டாதீர்கள். கட்டிய தீர்வையைத் திரும்பப் பெற வழி இருந்தாலும் அதற்குக் கெடுவும் கழிவும் அலைச்சலும் உண்டு.

ஒப்பந்தம்தான் உங்களுடைய உண்மையான காப்பு என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கிரயம் மூன்று விதமாக நிற்கலாம்: விற்பவரால், வாங்குபவரால், இருவர் மீதும் குற்றமில்லாமல். நம்மூர் ஒப்பந்தங்கள் இரண்டாவதை மட்டும் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகின்றன. முதலாவதற்கு இப்படி எழுதச் சொல்லுங்கள்: "சொத்தின் உரிமை மூலம் வாங்குபவரின் வழக்கறிஞருக்கோ கடன் தரும் வங்கிக்கோ திருப்தியளிக்காத பட்சத்திலும், விற்பவர் கிரயம் செய்து தரத் தவறும் பட்சத்திலும், விற்பவர் பெற்ற தொகை முழுவதையும், வாங்குபவர் ரசீதுகளுடன் காட்டும் சட்டக் கருத்து, வங்கிக் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம் ஆகிய செலவுகளையும் 15 தினங்களுக்குள் திருப்பித் தர வேண்டியது, தவறினால் அதன் பின் வட்டியுடன் தர வேண்டியது." செலவினங்களைப் பெயர் சொல்லி எழுதிவிட்டால், அவர் எதிர்பார்த்த நஷ்டமா இல்லையா என்ற 73ஆவது பிரிவு வாதமே தேவைப்படாது. நாளைக் குறிப்பிடுவதும் முக்கியம். இல்லாவிட்டால் "வேறு பார்ட்டிக்கு விற்றதும் தருகிறேன்" என்ற பதிலோடு வருடக்கணக்கில் காத்திருக்க நேரும்.

உங்கள் பக்கத் தவறுக்கும் ஓர் எல்லை வையுங்கள். கொடுத்த முன்பணம் முழுவதும் போகும் என்று எழுதாமல், அதில் ஒரு சிறு தொகையை, உதாரணமாக ஒரு லட்சத்தை, உறுதிக்கான அச்சாரம் என்றும் மீதியைக் கிரயத் தொகையின் பகுதி என்றும் பிரித்து எழுதுங்கள். அச்சாரமாகக் கொடுத்ததை விற்பவர் வைத்துக்கொள்வதை உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. கிரயத் தொகையின் பகுதியாகக் கொடுத்ததை அப்படி வைத்துக்கொள்ள முடியாது. மூன்றாவது வகைக்கு, அரசு நில எடுப்பு, நீதிமன்றத் தடை, பத்திரத்தில் குறையில்லாமலே வங்கி கடன் மறுத்தல் போன்றவற்றில் முன்பணம் முழுதாகத் திரும்பும், செலவை அவரவர் ஏற்பது என்று எழுதுவது இரு தரப்புக்கும் நியாயம். கடைசியாகச் சொன்ன கடன் மறுப்புக்கு விற்பவர் எளிதில் சம்மதிக்க மாட்டார்; கெடுவைச் சற்றுக் குறைத்துக்கொண்டு பேரம் பேசிப் பாருங்கள்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், முன்பணம் உட்பட ஒவ்வொரு தொகையிலும் 1 சதவீதம் வரி பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். கிரயம் நின்றால் அந்தப் பணம் அவர் கணக்கில் நிற்கும். ஆகவே "பிடித்த வரியையும் சேர்த்து முழுத் தொகையைத் திருப்பித் தர வேண்டியது" என்ற வரியும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். முந்தைய வீட்டுக்கு நீங்கள் வரி பிடிக்காமல் கொடுத்திருப்பதாகத் தெரிவதால், அதை ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த முறை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். சுவாதீனம் மாறாத, அதாவது வீட்டை இன்னும் ஒப்படைக்காத, ஒப்பந்தத்துக்குப் பதிவுக் கட்டணம் முன்பணத்தின் மீது 1 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு 5,000 ரூபாய். பதிவானதும் அது வில்லங்கச் சான்றில் ஏறிவிடும் என்பதால், உங்களை வைத்துக்கொண்டே வேறொருவருக்கு விற்பது விற்பவருக்கு எளிதல்ல. விற்பவர்கள் பதிவுக்குத் தயங்குவதற்கும் அதுவே காரணம்; ரத்துப் பத்திரத்துக்கு வாங்குபவர் வராவிட்டால் வீடு முடங்கும் என்று பயப்படுவார்கள். பணம் திரும்ப வந்த ஏழு நாளில் ரத்துப் பத்திரத்தில் கையெழுத்திடுவேன் என்று நீங்களும் எழுதிக் கொடுத்தால் அந்தப் பயம் பெரும்பாலும் தீரும்.

புரோக்கர் கமிஷன் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கொடுப்பது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். பார்த்து வைத்திருக்கும் இரண்டாவது வீடு கட்டுநரிடம் நேரடியாக வாங்கும் அடுக்குமாடி வீடாக இருந்தால் நிலைமை உங்களுக்குச் சாதகம்: ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது, உரிய காலத்தில் வீட்டை ஒப்படைக்கத் தவறினால் வட்டியுடன் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். தனிநபரிடம் வாங்கும் பழைய வீட்டுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

உங்கள் மைத்துனர் சொன்னது சரிதான். இங்கிலாந்தில் இரு தரப்பு ஒப்பந்தங்களும் பரிமாறப்படும் நாள் வரை யாரும் யாரையும் கட்டுப்படுத்த முடியாது. அதற்குள் சர்வே, சொலிசிட்டர், மார்ட்கேஜ் என்று வாங்குபவர் நிறையச் செலவழித்துவிடுவார். விற்பவர் அதிக விலைக்கு வேறொருவரிடம் போய்விட்டால் அந்தச் செலவில் ஒரு வரம்பு வரை தருவதற்கென்று அங்கே காப்பீடு விற்கிறார்கள்; வாங்குபவர் தானாக மனம் மாறினால் அது உதவாது. நம் ஊரில் வங்கிகள் கடனோடு சேர்த்துத் தரும் வீட்டுக் காப்பீடு தீ, வெள்ளம் போன்றவற்றுக்கானது. கிரயம் நின்ற செலவுக்கு அதில் ஒரு பைசாகூட வராது. மாறாக, இங்கிலாந்தில் அந்தக் கட்டத்தில் இல்லாத ஒன்று, இரு தரப்பையும் கட்டும் ஒப்பந்தம், நமக்குத் தொடக்கத்திலேயே கிடைக்கிறது.

நோட்டீஸுக்குப் பிறகு விற்பவர் இறங்கிவந்து பணத்தைத் தர முன்வந்தால், உங்கள் கையில் உள்ள அசல் ஒப்பந்தத்தை முன்கூட்டியே கொடுத்துவிடாதீர்கள். டிமாண்ட் டிராஃப்ட்டாகவோ கணக்கு மாற்றலாகவோ ஐந்து லட்சமும் வந்து, அதை வங்கியில் உறுதி செய்துகொண்ட பிறகு, ஒப்பந்தத்தின் பின்புறம் "ஒப்பந்தம் ரத்து, தொகை முழுவதும் பெற்றுக்கொள்ளப்பட்டது" என்று தேதியிட்டு எழுதி இருவரும் சாட்சிகளும் கையெழுத்திட்டு, அதன் நகலை வைத்துக்கொண்டு அசலைக் கொடுங்கள். தவணையாகத் தருகிறேன் என்றால், கடைசித் தவணை ஏறும் வரை அசல் உங்களிடமே இருக்கட்டும். ஒவ்வொரு தவணைக்கும் "பகுதித் தொகை, பாக்கி இவ்வளவு" என்று குறிப்பிட்ட ரசீதை மட்டும் கொடுத்து வாருங்கள்.